நாற்பத்திமூன்று கறுப்புக் கட்டங்கள்

"எல்லாரும் கேமராவ ஆன் பண்ணுங்க."

சொல்லியேவிட்டாள். வேலையில் சேர்ந்த முதல் நாள், உட்கார நாற்காலி காட்டுவதற்கு முன்பே தலைமை நூலகர் விரலை நீட்டிச் சொன்ன ஒரே விதி, அதைக் கேட்கக் கூடாது என்பதுதான். "என்ன வேணா கேளும்மா. புத்தகம் கேளு, லீவு கேளு, ஃபேன் கேளு. ஆன்லைன் பிள்ளைங்கள கேமரா போடச் சொல்லி மட்டும் கேக்காத. அது அவங்க தனியுரிமை."

புத்தகம் கேட்டாள், வரவில்லை. லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. ஃபேன் கேட்டதற்கு, வெயில் குறையட்டும் என்றார்கள். மிச்சம் இருந்தது கேமரா ஒன்றுதான்.

திரையில் நாற்பத்திமூன்று கறுப்புக் கட்டங்கள். பெயர் கிடையாது, எண்தான். அதுவும் தனியுரிமையாம். கல்லூரிப் பக்கமே வராமல் வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு நூலகம் நடத்தும் பாடம் அது: வேண்டியதை எப்படித் தேடுவது, தேடிக் கிடைத்ததை நம்பலாமா கூடாதா என்று எப்படிச் சோதிப்பது. வாரம் இரண்டு வகுப்பு. மூன்று மாதமாக அவள் கிணற்றுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தாள்.

"புரியுதா?" என்று கேட்டால் நாற்பத்திமூன்று பேரும் "ஓகே மேம்" என்று எழுதுவார்கள். "புரியலையா?" என்று கேட்டாலும் அதே "ஓகே மேம்"தான்.

அன்றைக்கு வேண்டுமென்றே, "நாளைக்கு நம்ம லைப்ரரி எரிஞ்சு போயிடும், என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நாற்பத்திரண்டு "ஓகே மேம்" வந்தது. பதினேழாம் எண் மட்டும், 'நாளைக்கு எரியப்போறது இன்னைக்கே உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?' என்று எழுதியிருந்தது.

அந்த ஒரு வரியில்தான் அவளைப் பிடித்துக்கொண்டது, ஆசை. இந்த ஆளின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அதனால்தான் கேட்டாள்.

திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. 'வீட்ல கரண்ட் இல்ல மேம்.' 'விருந்தாளி வந்திருக்காங்க மேம்.' முப்பதாம் எண், 'கேமராவுக்குக் கண் வலி' என்று எழுதியது. 'குளிச்சிட்டு இருக்கேன் மேம்' என்று பதினோரு பேர் எழுதினார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பதினோரு பேர் ஒரே நேரத்தில் குளித்துக்கொண்டே பாடம் கேட்கிறார்கள்.

கட்டங்கள் மறைந்தன. முப்பத்தொன்று. பன்னிரண்டு. மூன்று. கடைசியில் ஒன்று.

'என்னோடது பழைய ஃபோன் மேடம்,' என்று எழுதியது பதினேழு. 'கேமரா போட்டா வகுப்பே நின்னுடும். நீங்க நடத்துங்க, நான் கேக்குறேன்.'

மிச்சம் இருந்த நாற்பது நிமிடமும் ஒரே ஒரு கட்டத்துக்கு நடத்தினாள். எது கைக்கு வந்தாலும் அதனிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள். யார் சொன்னது? எப்போது சொன்னது? எதை வைத்துச் சொன்னது? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்?

வகுப்பை மூடிவிட்டுத் தலை நிமிர்ந்தால், கதவில் சாய்ந்தபடி தலைமை நூலகர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். லிஃப்ட் இரண்டு வருடமாக ஓடவில்லை. ஆனால் லிஃப்ட்காரர் இருந்தார். தரைத்தளத்தில், பூட்டிக் கிடக்கும் லிஃப்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டுக் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு நிரந்தர வேலை. ஓடாத லிஃப்டுக்கு நிரந்தர ஆள், ஓடுகிற வகுப்புக்கு ஒப்பந்த ஆள் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த மூன்று மாடி ஆறு மாடியாகும். நூலகத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. 'கான்ட்ராக்ட் வந்துருச்சா?' 'கான்ட்ராக்ட் சாப்பிட்டுச்சா?' அவ்வளவுதான்.

"ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கேமராவக் கேட்டியா?"

"கேட்டேன் சார். அதுக்குள்ள யாரு உங்ககிட்ட சொன்னா?"

"எல்லாரும்தான்! பிள்ளைங்க கொதிச்சுப் போயிருக்காங்க. வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருது. குழு கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ஆன்லைன் செக்‌ஷன் நிரந்தரம். செக்‌ஷன் நிரந்தரம்னா நீயும் நிரந்தரம். உன் ஆர்டரை டைப் அடிச்சு வச்சிருக்கேன். இப்பப் போயி நெருப்பு வைக்கிறியே! மரியாதையா எல்லாருக்கும் ஒரு மன்னிப்பு மெயில் போடு."

அவள் வாயில் நான்கு பதில் வந்தது. நான்கையும் விழுங்கினாள். அந்த ஆர்டர் அவளுக்கு வேண்டும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அந்தப் பட்டத்தை மாட்ட அப்பா ஆணி அடித்ததில் வாடகை வீட்டுச் சுவர் பெயர்ந்து, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஓட்டை இன்னும் இருக்கிறது. பட்டம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

மன்னிப்பு மெயில் போட்டாள். மறுநாள் காலையில் பதில்கள் வந்து குவிந்திருந்தன.

'பொருள்: மன்னிப்பு கோரியது, தொடர்பாக. பார்வை: தங்கள் நேற்றைய மின்னஞ்சல். பார்வையில் காணும் தங்கள் மன்னிப்பு பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்படுகிறது என்ற விவரம் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.'

நாற்பத்திரண்டும் இதேதான். ஒன்றில் மட்டும் அடியில் 'நகல்: கோப்புக்கு' என்று கூடுதலாக இருந்தது.

இருபது வயதுப் பிள்ளைகள் எழுதுகிற எழுத்தா இது? எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மூன்று மாதமாகக் கத்திக் கத்தி நடத்தியது எடுத்து ஒட்டக் கூடாது என்பதைத்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே சோர்வும் வந்தது. கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபடி பதினேழாம் எண்ணின் பதிலைத் திறந்தாள்.

'மன்னிப்பு எதுக்கு மேடம்? முகத்தப் பாக்கணும்னு கேட்டது தப்பா?'

யாரும் யாரைப் பார்த்தும் எழுத முடியாதபடி ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். 'உங்கள் ஃபோனுக்கு இந்த வாரம் வந்த ஒரு செய்தியை எடுத்து, நான்கு கேள்விகளையும் கேட்டு எழுதுங்கள்.' அவரவர் ஃபோன், அவரவர் செய்தி. எப்படிக் காப்பி அடிப்பார்கள், பார்த்துவிடலாம்.

அடித்தார்கள். நாற்பத்திரண்டு விடைத்தாளும் ஒரே நாள் மாலை மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் வந்து விழுந்தன. 'யார் சொன்னது: உரிய அலுவலர். எப்போது: அலுவலக நேரத்தில். எதை வைத்து: நடைமுறையில் உள்ள விதிகளின்படி. யாருக்கு லாபம்: பொதுமக்களுக்கு.' செய்தி என்னவென்று எழுத எல்லோருமே மறந்திருந்தார்கள்.

பதினேழாம் எண் இரண்டு நாள் கழித்து அனுப்பியது.

'என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை. மாத்திரையை நிறுத்திட்டு ஒரு பொடியைச் சாப்பிட்டாப் போதும்னு அவ ஃபோனுக்குச் செய்தி வந்துச்சு. நிறுத்திட்டா. நாலு கேள்வியும் கேட்டேன். யார் சொன்னது: டாக்டர்னு போட்டிருக்கு, எந்த டாக்டர்னு இல்லை. எப்போ: தேதி இல்லை. எதை வச்சு: பல்லாயிரம் பேர் குணமானாங்களாம், ஒருத்தர் பேர்கூட இல்லை. யாருக்கு லாபம்: கடைசியில பொடி விக்கிறவர் நம்பர் இருந்துச்சு. அவகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒரு நாள் பூரா என்கிட்ட பேசல. மறுநாள் மாத்திரை போட்டுக்கிட்டா.'

அதை மூன்று முறை படித்தாள். கல்யாணமான ஆள் ஒருவர் வீட்டிலிருந்து படிக்கிறார். அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கீழே இறங்கிப் போகும்போது கொஞ்சம் வேகமாகவே இறங்கினாள். லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்து, "என்ன மேடம், இன்னைக்கு ஜோரா இருக்கீங்க?" என்றார்.

"உங்களுக்கு என்னண்ணே, உக்காந்தே பர்மனென்ட். நாங்க ஓடி ஓடி வாங்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நல்ல நாளிலும் அவள் வாய் அப்படித்தான். அவர் சிரித்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா, ஊர்த்துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டே கதை கேட்டாள்.

"அந்தப் பதினேழுக்குப் பேரு கிடையாதாடீ?"

"நம்பர்தான்மா தெரியும்."

"சரி, வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்துடும்ல? துணி குடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

"ஏம்மா அதுக்குள்ள சொன்ன?"

"பின்ன, வந்ததுக்கப்புறமா சொல்லுவாங்க? அப்ப அது பழைய சேதிடீ."

மறுநாள் நாற்பத்திரண்டு பேருக்கும் சுழியம் போட்டாள். பதினேழுக்கு நூற்றுக்கு நூறு. போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்த பத்தாவது நிமிடம், படியில் தடதடவென்று சத்தம். வந்தவர் தலைமை நூலகர் இல்லை, ஹெட்கிளார்க். பத்து வருடமாக முதல் மாடிக்கு மேல் ஏறியதே இல்லை என்று பெயர் வாங்கியவர். முகமெல்லாம் வேர்த்து நின்றார்.

"பாப்பா, முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ் எனக்கு. ஒரு மெமோ வாங்கினதில்ல. ஒரு ரிமார்க் வாங்கினதில்ல. எனக்கே பதினோரு சுழியம் போட்டிருக்கியே! நல்லாருக்கா இது?"

அவள் அவரைப் பார்த்தாள். "உங்களுக்கா?"

ஹெட்கிளார்க் நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்னாலேயே ஏறி வந்த தலைமை நூலகர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யோவ், உன்னை யாருய்யா மார்க்கப் பாக்கச் சொன்னா?"

"ரோஷம் இருக்காதா சார்?"

அவள் மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு ஒரே நேரத்துல குளிச்ச பதினோரு பேரும்..."

"ஒரே ஆளு, பதினோரு கம்ப்யூட்டர் ஜன்னல். ஆளுக்கு ஒரு காரணமா எழுத முடியும்? நீயே சொல்லு பாப்பா."

தலைமை நூலகர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் குரலில் அதட்டலே இல்லை. "இந்த செக்‌ஷனுக்கு நாப்பது பேர் இருந்தாத்தான்மா அனுமதி. விளம்பரம் குடுத்தோம். மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் ரெண்டாம் நாளே போயிட்டாங்க. என்ன பண்றது? நம்ம ஆளுங்களையே சேத்துட்டோம். பைண்டிங்ல நாலு பேர், அக்கவுன்ட்ஸ்ல ஆறு, என் மச்சினன், என் சம்பந்தி..."

"உனக்கு ஒரு வேலை வேணும்னுதான் பாப்பா இந்த வயசுல நாங்கல்லாம் படிக்கிறோம்" என்றார் ஹெட்கிளார்க், உண்மையாகவே நெகிழ்ந்து.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்கூட வரவில்லை. மூன்று மாதம் தொண்டை கட்டக் கட்டப் பேசியதெல்லாம் முதல் மாடியில் ஃபைலுக்கு நடுவில் பதினோரு ஜன்னலில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. ஒன்றுதான் கேட்டாள்.

"பதினேழு?"

"அதுவும் நம்ம ஆள்தான். லிஸ்ட்ல வெளி ஆளே கிடையாதும்மா."

"யாரு?"

"எது யாருன்னு எனக்கு எங்க ஞாபகம்? லிஸ்ட் பீரோவுல இருக்கு. எடுக்கச் சொல்லவா?"

"வேணாம் சார்."

சர்க்கரை வியாதிக்கார மனைவியை எந்த நாற்காலியில் உட்கார்ந்து எவர் கற்பனை பண்ணினார் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து கணினிக்குக் கையை நீட்டி, தலைமை நூலகரே நாற்பத்திரண்டு சுழியத்தையும் அறுபத்தைந்தாக மாற்றினார். அவள் தடுக்கவில்லை. அறைக்கு வெளியே போகும்போது ஹெட்கிளார்க் திரும்பி, "எனக்கு ஒரு எழுபதாவது போட்டிருக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை குழு தலைமை நூலகரின் அறைக்கு வந்தது. தலைவி ஓர் அம்மாள். கூட இரண்டு பேர். கூட வந்தவர்கள் இருவரும் ஏசிக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். தலைமை நூலகர் படம் காட்டினார், கணக்குக் காட்டினார், தேர்ச்சி நூறு சதவீதம் என்றார்.

"ரொம்ப சந்தோஷம். ஒரு மாணவர்கிட்ட நான் பேசணுமே" என்றார் தலைவி.

தலைமை நூலகர் இதற்கும் தயாராகத்தான் இருந்தார். ஐந்தாம் எண்ணைக் கூப்பிட்டார். பக்கத்து அறையில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில், ஹெட்கிளார்க் தயாராக இருந்தார். தயாராக இல்லாதது நடுவில் இருந்த சுவர்தான். அது வெறும் பலகை. அவர் பேசுவது முதலில் பலகை வழியாகவும், ஒரு விநாடி கழித்து ஸ்பீக்கர் வழியாகவும் வந்தது.

"வணக்கம்" என்றது சுவர். "வணக்கம்" என்றது ஸ்பீக்கர்.

"உங்க வயசு என்ன தம்பி?"

"இருபத்திரண்டு முடிஞ்சு, ஓய்வுபெற இன்னும் மூணு..." என்று தொடங்கிய சுவர் பலமாக இருமியது. ஸ்பீக்கரும் இருமியது.

"இந்தப் பாடத்துல என்ன கத்துக்கிட்டீங்க?"

"மனுவைப் பெற்றுக்கொண்ட பதினைந்து நாளுக்குள்..." என்று ஆரம்பித்து, சுவர் தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. தலைமை நூலகரின் வழுக்கையில் முத்து முத்தாக வேர்த்தது. தலைவி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

"அம்மா, அந்த மாணவர் இந்தப் பலகைக்குப் பின்னாடிதான் இருக்காரு. நாற்பத்திமூணு பேருமே இவங்களே சேத்துவிட்ட ஆளுங்கதான். ஒருத்தர்கூட நிஜம் இல்ல."

சுவர் பேச்சை நிறுத்தியது. ஒரு விநாடி கழித்து ஸ்பீக்கரும் நிறுத்தியது.

தலைவி நிமிரவே இல்லை. "தெரியும்மா. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. எங்க காலேஜ்லயும் இந்தப் பாடம் நடக்குது. அங்க சுவர் கொஞ்சம் கனம்." படிவத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். "பக்கத்து ரூம் பையனுக்குத் தண்ணி குடுங்க. இருமல் நல்லதில்ல."

குழு இறங்கிப் போனது. தலைமை நூலகர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவள் முன்னால் தள்ளினார்.

"உன் வாய்க்கு இதை நான் தரக் கூடாது. ஆனா கையெழுத்து விழுந்துடுச்சு. எடுத்துக்கோ. பர்மனென்ட்."

பிரித்தாள். அவள் பெயர் முழுதாக, பிழையில்லாமல் இருந்தது. நூலகத்தில் அவள் பெயரை எழுத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் 'எனக்கு இந்த வேலை வேண்டாம்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"ஏம்மா! பர்மனென்ட்டும்மா! புத்தி கெட்டவங்கதான் விடுவாங்க!"

"யாருக்கு சார் நடத்தறது?"

"யாருக்குமே நடத்த வேணாமே! அதத்தானேம்மா இவ்வளவு நேரமா சொல்றேன்!"

பக்கத்து அறையிலிருந்து தண்ணீர் டம்ளரோடு வந்த ஹெட்கிளார்க் தாளை எட்டிப் பார்த்தார். "ராஜினாமாவுக்குத் தனி ஃபார்மட் இருக்கு பாப்பா. பொருள், பார்வை எதுவுமே போடலையே."

"நீங்களே போட்டுக்கோங்க சார். பொருள், போனது தொடர்பாக."

மேலே போய்ப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று இரண்டாம் மாடியில் யோசித்தாள். துணி கொடுக்க வருகிறவர்களுக்கு அம்மா என்ன சொல்வாள் என்று முதல் மாடியில் யோசித்தாள். தரைக்கு வருவதற்குள் இரண்டையும் விட்டுவிட்டாள். மாற்றிக்கொள்கிற முடிவாக இருந்தால்தானே யோசிக்க வேண்டும்?

லிஃப்ட்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். அவர் நின்று அவள் பார்த்ததே இல்லை. நல்ல உயரம்.

"என்ன மேடம், பையெல்லாம் எடுத்துட்டீங்க?"

"போறேன்ணே."

"நாளைக்கு?"

"வரமாட்டேன். இனிமே வரவே மாட்டேன்."

வாசலைத் தாண்டி வெளிப்படியில் கால் வைத்தாள். பின்னாலேயே வந்தவர் மாடிப்படியை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பதினேழாம் நம்பர் நான்தான் மேடம். சும்மா உக்காரச் சொல்லித்தான் சேத்துவிட்டாங்க, தெரியாத்தனமா படிச்சுட்டேன். ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்க."